நம்ம ஊர் மீட்டர் கேஜும் நீலகிரி மலை ரயிலும்

போன மாதம் பேரன் ஒரு கேள்வி கேட்டான். "தாத்தா, ஊட்டி ரயிலை எதுக்கு இவ்வளவு பேர் காசு கொடுத்துப் போய்ப் பாக்கிறாங்க? நம்ம ஊர் ரயிலை விட மெதுவாத்தானே போகுது?" அப்போது வாயில் வந்ததைச் சொல்லி அனுப்பிவிட்டேன். சரியான பதிலை இங்கே எழுதி வைக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். வீட்டில் இருக்கிறவனுக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம்?

முதலில் கேஜ் கணக்கு. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் கேஜ். நம் நாட்டில் நான்கு அளவு உண்டு. இப்போது எல்லா இடத்திலும் இருக்கிற அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர். மீட்டர் கேஜ், பெயரிலேயே இருக்கிறது, 1,000 மில்லிமீட்டர். அதற்கும் கீழே 762, 610 என்று இரண்டு குறுகிய பாதைகள். டார்ஜிலிங் பொம்மை ரயில் 610ல் ஓடுகிறது, கால்கா–சிம்லா ரயில் 762ல். ஊட்டி ரயில் நம் கணக்குப்படி மீட்டர் கேஜ். ஆனால் உலகத்தில் பல நாடுகள் 1,435 மில்லிமீட்டரைத்தான் பொது அளவாக வைத்திருக்கின்றன. அதற்குக் குறைந்தது எல்லாமே அவர்களுக்குக் குறுகிய பாதைதான். அந்தக் கணக்குப்படி நம் திருத்தங்கல் ஸ்டேஷனும் எழுபது வருடத்துக்கு மேல் குறுகிய பாதை ஸ்டேஷனாக இருந்ததுதான்!

மதுரை–தூத்துக்குடி பாதை 1870களிலேயே வந்துவிட்டது. விருதுநகர் (அப்போது விருதுப்பட்டி) அந்தப் பாதையில் இருந்ததால் வியாபாரத்தில் முந்திக்கொண்டது. சிவகாசிப் பக்கம் வெறும் கரிசல் காடு, மழை பொய்த்தால் பஞ்சம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு திரும்பியது 1923. அதற்கு நான்கு வருடம் கழித்து, 1927ல், விருதுநகரிலிருந்து தென்காசிக்கு மீட்டர் கேஜ் பாதை திறக்கப்பட்டது. திருத்தங்கல், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில், கடையநல்லூர் என்று வரிசையாக ஊர்களுக்கு ரயில் வந்தது. மூலப்பொருள் வரவும் செய்த சரக்கு போகவும் வழி இல்லாமல் எந்தத் தொழில் வளரும்? குட்டி ஜப்பான் என்று நம் வட்டாரத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததில் அந்த ஒரு மீட்டர் பாதைக்கும் பங்கு உண்டு என்பது என் கட்சி.

செங்கோட்டையிலிருந்து மலையைக் குடைந்து புனலூர் வழியாகக் கொல்லம் போகிற பாதை அதற்கும் மூத்தது, 1904. திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கு முதலில் ரயில் வந்ததே அந்த வழியாகத்தான். நம் பாதை அதோடு இணைந்த பிறகு சென்னையிலிருந்து கொல்லம் மெயில் நம் ஊர் வழியாகவே ஓடியது. நான் தபால் துறையில் குமாஸ்தாவாக இருந்தவன். டிசம்பர் மாதம் சிவகாசிக் காலண்டர் பார்சல்கள் மூட்டை மூட்டையாக வந்து குவியும்போது, எங்கள் வாயில் அதிகம் அடிபட்ட பெயர் அந்த மெயிலுடையதுதான்.

சின்ன வயதில் நான் ரயில் பார்க்கப் போனது எஞ்சினுக்காக அல்ல, வளையத்துக்காக. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டி வந்துவிடக் கூடாது என்பதற்காக, அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் போக அனுமதி என்று ஒரு உலோகப் பந்தை டிரைவரிடம் கொடுப்பார்கள். அது ஒரு தோல் பையில் இருக்கும். பை ஒரு பெரிய பிரம்பு வளையத்தில் கட்டியிருக்கும். நிற்காமல் போகிற வண்டிக்கு பிளாட்பாரத்தில் ஒருவர் வளையத்தைத் தூக்கிப் பிடித்து நிற்பார். ஓடுகிற எஞ்சினிலிருந்து கை ஒன்று நீளும், பழைய வளையம் தரையில் விழும், புதிய வளையம் அந்தக் கையில் தொங்கும். அந்தப் பந்து கையில் இல்லாமல் டிரைவர் ஒரு அடி நகர முடியாது. ஸ்டேஷனில் இருக்கிற பெட்டியோ, அடுத்த ஸ்டேஷன்காரர் சம்மதம் கொடுத்தால்தான் பந்தை வெளியே விடும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் எவ்வளவு கெட்டியான ஏற்பாடு பாருங்கள்!

ரயில் ரசிகர்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறதே, அவர்கள் ரசிப்பது இதைத்தான். வேகத்தை அல்ல. ஒரு வேலை எப்படி நடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். இன்றைய மின்சார எஞ்சினில் எல்லாமே பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. ஊட்டி ரயிலில் ஒன்றும் ஒளிவு மறைவு இல்லை.

அதன் சங்கதியைச் சொல்கிறேன். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர், ஊட்டி 2,203 மீட்டர். நடுவில் 46 கிலோமீட்டர் பாதை, 208 வளைவு, 16 குகை, சின்னதும் பெரிதுமாக 250 பாலம். குன்னூர் வரை 1899ல் வந்தது, ஊட்டி வரை 1908ல். கல்லாறு தாண்டியதும் ஏற்றம் ஏறத்தாழ பன்னிரண்டுக்கு ஒன்று. அதாவது பன்னிரண்டு அடி போனால் ஒரு அடி மேலே ஏற வேண்டும். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் இந்த ஏற்றத்தில் வழுக்கும். அதற்காக நடுவில் பல் வைத்த இன்னொரு தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். எஞ்சினுக்கு அடியில் உள்ள பல்சக்கரம் அதில் கடித்துக் கடித்து ஏறும். சுவிட்சர்லாந்தில் வின்டர்தூர் ஊரில் செய்த எக்ஸ் வகை எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர். இரண்டு சிலிண்டர் சாதாரணச் சக்கரத்தைச் சுற்றும். அங்கே வேலை முடித்த நீராவி வீணாகாமல் மற்ற இரண்டுக்கும் போய்ப் பல்சக்கரத்தைச் சுற்றும். மறுசோறு போடுகிற மாதிரி! எஞ்சின் முன்னால் இழுக்காது, பின்னால் இருந்து தள்ளும். ஏதாவது கழன்றுகொண்டாலும் பெட்டிகள் பள்ளத்தில் ஓடிவிடாமல் எஞ்சின் தாங்கும். பெட்டிகளின் முன் மேடையில் பிரேக்ஸ்மேன் கொடியோடு உட்கார்ந்திருப்பார். மேலே ஏறிப் போக ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நடுவே எஞ்சின் தண்ணீர் குடிக்க நிற்கும், நாமும் இறங்கி டீ குடிக்கலாம்.

நம் ஆட்களுக்கு இந்த ரயில் 'மூன்றாம் பிறை' கடைசிக் காட்சி மூலம்தான் அறிமுகம். கேத்தி ஸ்டேஷனை இன்றைக்கும் அதற்காகவே எட்டிப் பார்க்கிறவர்கள் உண்டு. 2005ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கியது. டார்ஜிலிங் அதற்கு முன்பே, 1999ல். சிம்லா 2008ல்.

பழைய ரயிலை ரசிகர்களே காப்பாற்றலாம் என்று உலகத்துக்குக் காட்டியது வேல்ஸ் நாட்டில் உள்ள டலிலின் என்ற சின்ன ரயில். சிலேட்டுக் கல் ஏற்றிக்கொண்டு வர 1860களில் போட்ட குறுகிய பாதை. முதலாளி 1950ல் இறந்ததும் மூடிவிடும் நிலை. டாம் ரோல்ட் என்ற எழுத்தாளரும் அவரைப் போல் ரயில் பைத்தியங்கள் சிலரும் கூடி, சம்பளம் வாங்காமல் நாங்களே ஓட்டுகிறோம் என்று எடுத்துக்கொண்டார்கள். 1951 மே மாதம் அவர்கள் கையில் முதல் வண்டி ஓடியது. இன்றும் ஓடுகிறது. ஆசிரியரும் டாக்டரும் விடுமுறை நாளில் வந்து கரி அள்ளிப் போடுவார்கள், டிக்கெட் கிழிப்பார்கள்.

நம் தமிழ்நாட்டிலும் குறுகிய பாதைகள் இருந்தன. திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி, மொரப்பூர்–தர்மபுரி என்று 1905, 1906ல் 762 மில்லிமீட்டர் பாதைகள் போட்டார்கள். இரண்டாவது பாதை பிறகு ஓசூர் வரை நீண்டது. பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுபோக வழி வேண்டும் என்று போட்டவை. பஸ்சும் லாரியும் வந்து வருமானம் படுத்ததும் பிடுங்கிவிட்டார்கள். காப்பாற்ற ஒரு ரோல்ட் அங்கே பிறக்கவில்லை. மூணாறில் தேயிலைக்காக ஓடிய குண்டளை ரயில் இன்னும் பாவம். டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வரும் தேயிலைப் பெட்டிகள், அங்கிருந்து கம்பி வழியே நம் போடி பக்கத்துக் கொட்டகுடிக்கு இறங்கும். 1924 வெள்ளம் மொத்தத்தையும் அடித்துக்கொண்டு போனது. டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் நிற்கிறது. அங்கே போட்டோ எடுக்கிறவர்களில் எத்தனை பேருக்கு 'ஸ்டேஷன்' எங்கே என்று கேட்கத் தோன்றியிருக்கும்?

இனி, பேரனிடம் சொல்ல விட்டுப்போன பகுதிக்கு வருகிறேன்.

1992ல் நாடு முழுக்க ஒரே கேஜ் என்று ரயில்வே தீர்மானித்தது. நம் விருதுநகர்–செங்கோட்டைப் பாதை 2004 வாக்கில் அகலமானது. செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை மட்டும் சுமார் 50 கிலோமீட்டருக்கு மீட்டர் கேஜாகவே மிஞ்சியது. இரண்டு முனையிலும் அகலப் பாதை, நடுவில் தீவு மாதிரி இது. 2010 செப்டம்பரில் அதையும் நிறுத்தப் போகிறார்கள் என்று செய்தி வந்ததும் எங்கெங்கிருந்தோ ரசிகர்கள் வந்து குவிந்தார்கள். நானும் நண்பர் ஒருவரும் கடைசி வாரத்தில் செங்கோட்டை போய் ஏறினோம். ஜன்னல் எல்லாம் கேமரா. படியில் தொங்கிக்கொண்டு, பதிமூன்று கண் பாலம் வரும்போது ஒரே கூச்சல். நானும் எட்டிப் பார்த்தேன், இல்லை என்று சொல்லவில்லை. பாறையும் காடும் அந்தக் கல் வளைவுகளும் அப்படி ஒரு அழகு.

எங்கள் பெட்டியில் காய்கறிக் கூடையோடு ஒரு அம்மா. வாரத்தில் நான்கு நாள் இந்த வண்டியில் புனலூர் போய் விற்றுவிட்டு வருகிறவர். உட்கார இடமில்லாமல் கூடை மேலேயே சாய்ந்து நின்றார். நண்பர் எழுந்து இடம் கொடுத்தார். உட்கார்ந்ததும் அந்த அம்மா எங்களைப் பார்த்து, "நீங்கல்லாம் இன்னைக்கு வந்து பாத்துட்டுப் போயிருவீய. அடுத்த வாரத்துலருந்து நாங்க எதுல போவோம்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. விலை கேட்கிற மாதிரிதான் கேட்டார். பஸ் உண்டு, ஆனால் கூடைக்குத் தனிக் காசு, மலைச் சாலையில் நேரமும் கூட. நண்பர் அதற்குப் பிறகு புனலூர் வரை கேமராவை எடுக்கவில்லை.

அந்தப் பாதை மறுபடி முழுதாகத் திறந்தது 2018ல். எட்டு வருடம்! போடிக்காரர்கள் பாடு இதைவிட மோசம். 2010 கடைசியில் நின்ற ரயில் 2023ல்தான் ஊருக்குள் வந்தது. ஒரு பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிற காலம்.

மலைப்பாதையை மீட்டர் கேஜாகவே பாரம்பரிய ரயிலாக விட்டிருக்கலாம் என்று நண்பர் இன்றைக்கும் வாதாடுவார். மத்தியப் பிரதேசத்தில் பாதாள்பானி–காலாகுண்ட் பகுதியில் மீட்டர் கேஜை அப்படியே வைத்து 2018 முதல் சுற்றுலா ரயில் ஓட்டுகிறார்களே என்பார். எனக்குச் சம்மதமில்லை. நமக்கு இருந்தது ஒரே பாதை, ஒரே வரிசைக் குகைகள். அதில் அகல ரயிலும் மீட்டர் ரயிலும் சேர்ந்து ஓட முடியாது. அதை விட்டுவைத்திருந்தால் கொல்லத்துக்கு நம் ஊரிலிருந்து நேர் வண்டி கிடைத்திருக்குமா? கூடைக்கார அம்மாவுக்கும் சிவகாசி வியாபாரிக்கும் தேவை அந்த நேர் வண்டிதான். கல் பாலத்தையாவது இடிக்காமல் வலுப்படுத்தி அதே இடத்தில் வைத்துக்கொண்டார்களே, அது போதும் எனக்கு.

ஊட்டிக் கதை வேறு. அந்த ஏற்றத்தில் அகல ரயிலைக் கொண்டுபோக வழியில்லை. அதனால் அங்கே பழையதைக் காப்பாற்றினால் யாருடைய வண்டியும் நிற்காது. குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே டீசல் எஞ்சினில் உள்ளூர் ஆட்களும் தினம் போய்வருகிறார்கள். எனக்குப் பிடித்த விஷயம் இன்னொன்று. சுவிஸ் எஞ்சின்கள் தேய்ந்து போனதும் நம் திருச்சி பொன்மலைப் பணிமனையில், எண்ணெயில் எரிகிற புதிய நீராவி எஞ்சின்களையே செய்துவிட்டார்கள். முதலாவது 2011ல் வந்தது. உலகம் நீராவியை மறந்த பிறகு, பல்சக்கரம் வைத்த நீராவி எஞ்சினை நம் ஃபிட்டர்களும் வெல்டர்களும் வரைபடம் பார்த்துச் செய்தார்கள் என்றால் சும்மாவா? ரசிகர்கள் எஞ்சினைப் போட்டோ எடுக்கிறார்கள். அந்தத் தொழிலாளிகளையும் யாராவது எடுத்து வைத்தால் தேவலை.

திருத்தங்கல் ஸ்டேஷனில் அந்த வளையம் ஒன்றாவது மிஞ்சியிருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். நம் பக்கம் யார் வீட்டிலாவது பரணில் கிடந்தால் பழைய இரும்புக்கோ அடுப்புக்கோ போடாமல் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பேரனை அடுத்த கோடை விடுமுறையில் மேட்டுப்பாளையம் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் மழைக்கு மண் சரிந்து அடிக்கடி ரத்தாகிவிடும். போகிறவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு டிக்கெட் போடுங்கள்.