டாம்கேட் கனெக்டர்: இயல்புநிலை நெறிமுறைத் தேர்வு

ஜாவா வலைச் சேவையகமான அப்பாச்சி டாம்கேட்டில், வெளியிலிருந்து வரும் கோரிக்கையை வாங்கும் உறுப்பு கனெக்டர். சர்வர்.எக்ஸ்எம்எல் கோப்பில் நெறிமுறை ‘எச்டிடிபி/1.1’ என்று மட்டும் இருந்தால், எந்த வகை கனெக்டர் என்பதை டாம்கேட்டே முடிவுசெய்யும். 7-ஆம் பதிப்பில் ஏபிஆர் நூலகம் கிடைத்தால் ஏபிஆர் கனெக்டர், இல்லையென்றால் பயோ கனெக்டர். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்துநிற்கும் ஒவ்வொரு கன்டெய்னர் லாரியிலும் ஒரு டிரைவர் முடங்கிக்கிடப்பதுபோல, பயோவில் ஒவ்வோர் இணைப்பும் ஒரு திரெட்டைப் பிடித்துவைத்திருக்கும். 8.0-இல் பயோவின் இடத்துக்கு நியோ வந்தது. அதில் சில திரெட்டுகளே பல இணைப்புகளைக் கவனித்துக்கொள்ளும். 8.5-இல் பயோ கனெக்டரும் 10.1-இல் ஏபிஆர் கனெக்டரும் நீக்கப்பட்டன. பதிப்பு மாற்றுவோர் தொடக்கப் பதிவில் ‘எச்டிடிபி-நியோ-8080’ என்ற பெயர் வருகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். நெறிமுறைக்குப் பதில் கனெக்டர் வகுப்பின் முழுப்பெயரைக் கொடுத்துவிட்டால் இந்தத் தானியங்கித் தேர்வு நடக்காது.