எந்த போனுக்கு முதலில்?



செயலி செய்யும் வேலையில் இருக்கும் என் பழைய மாணவர்கள் அடிக்கடி பேசும் ஒரு விஷயம் உண்டு. ஒரு செயலியை முதலில் ஐபோனுக்குச் செய்வதா, ஆண்ட்ராய்டுக்குச் செய்வதா? கேட்டால் கம்ப்யூட்டர்காரர்கள் சமாசாரம் போலத் தோன்றும். கடந்த பதினைந்து வருட வரலாற்றைப் பார்த்தால் நம் எல்லோர் கதையும் அதில் இருக்கிறது.

இரண்டுக்கும் பெரும்பாலும் தனித்தனியாக நிரல் எழுத வேண்டும். சிறிய நிறுவனத்துக்குக் கையில் உள்ள பணத்தில் ஒன்றைத்தான் முதலில் தொட முடியும். ஐபோனில் சில மாடல்கள்தான். சோதித்துப் பார்ப்பது சுலபம். வைத்திருப்பவர்களும் செலவழிக்கக் கூடியவர்கள். ஆண்ட்ராய்டிலோ கம்பெனிக்கு ஒரு திரை, விலைக்கு ஒரு வேகம். ஆனால் நம் நாட்டில் பெரும்பாலோர் கையில் இருப்பது அதுதான்.

அமெரிக்காவில் தொடங்கிய இன்ஸ்டாகிராம் 2010 அக்டோபரில் ஐபோனுக்கு வந்தது. ஆண்ட்ராய்டுக்கு வர 2012 ஏப்ரல் ஆயிற்று. வாட்ஸ்அப்பும் 2009இல் ஐபோனில்தான் தொடங்கியது. ஆனால் அங்கேயே நிற்காமல் பிளாக்பெர்ரி, நோக்கியா என்று அடுத்தடுத்துப் போனது. அப்போது நம்மூரில் நோக்கியாதான் ராஜா. பிரான்சில் இருக்கும் பிள்ளையும் முத்தியால்பேட்டையில் இருக்கும் அம்மாவும் ஒரே செயலியில் பேச ஆரம்பித்ததற்கு அந்த முடிவும் ஒரு காரணம்.

இந்தியாவில் அரசாங்கமே ஒரு செயலி கொண்டுவந்தபோது வரிசை தலைகீழானது. 2016 நவம்பர் 8ஆம் தேதி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். ஏ.டி.எம். வாசல்களில் நாம் நின்றது மறக்குமா? டிசம்பர் 30ஆம் தேதி பணம் அனுப்பும் பீம் செயலி வந்தது, முதலில் ஆண்ட்ராய்டுக்கு. ஐபோன் வைத்திருந்தவர்கள் 2017 பிப்ரவரி வரை காத்திருந்தார்கள். கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே முதலில் போவதுதான் சரி.

பட்டன் போன் வைத்திருந்தவர்கள்? *99# என்று அழுத்தி அனுப்பும் வழி இருந்தது. பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் அம்மாவுக்கு அதை யார் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பது? போனில் அழைத்து, குரல் சொல்வதைக் கேட்டுப் பணம் அனுப்பும் 123பே வசதி 2022 மார்ச்சில்தான் வந்தது. ஐந்து வருடத்துக்கு மேல்.

செயலி செய்யும் பிள்ளைகளே, முதலில் யாருக்கு என்று கணக்குப் போடுங்கள், தப்பில்லை. கடைசியில் நிற்பது யார், அவர்கள் முறை எப்போது வரும் என்பதையும் அதே தாளில் எழுதி வையுங்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கையில் என்ன போன்? கீழே எழுதுங்கள்.