வாச்சாத்தி: சினம் தீர்ப்பாக மாற 31 ஆண்டுகள்

காவல் வன்முறை வெளிப்படும்போதெல்லாம் மக்கள் சினம் பொங்குகிறது. சில வாரங்களில் அடங்கியும் விடுகிறது. அச்சினம் தண்டனையாக மாற எது தேவை என்பதை வாச்சாத்தி வழக்கு நமக்குக் கற்பிக்கிறது.

1992 ஜூன் 20 அன்று, சந்தன மரக் கடத்தல் சோதனை என்ற பெயரில், தருமபுரி மாவட்டம் அரூரை அடுத்த இப்பழங்குடிக் கிராமத்தில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் புகுந்தனர். வீடுகள் நொறுக்கப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். பாதிக்கப்பட்டோரே கடத்தல்காரர்களெனச் சிறையிலடைக்கப்பட்டனர்.

அரசு அனைத்தையும் மறுத்தது. மார்க்சிஸ்ட் கட்சியினர் நீதிமன்றத்தை நாடினர். 1995இல் சென்னை உயர்நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு ஆணையிட்டது. குற்றஞ்சாட்டப்பட்டோர் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம், உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகளென அறிவித்தது. எஞ்சிய 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்திருந்தனர்.

2023 செப்டம்பர் 29 அன்று உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும், அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீது நடவடிக்கை எடுக்கவும் ஆணையிட்டது. களத்தில் இறங்கியோர் மட்டுமன்றி, மேலிருந்து காத்தோரும் பொறுப்பாளிகளே என்பதே இதன் பொருள்.

குற்றஞ்சாட்டப்பட்ட துறைகளின் பிடியிலிருந்து புலனாய்வு விடுபட்டதும், அச்சுறுத்தலுக்கிடையே அப்பெண்கள் சாட்சியத்தில் உறுதியாக நின்றதுமே வழக்கை வென்றன. ஆயினும் 31 ஆண்டுத் தாமதம் குற்றவாளிகளுக்குக் கிடைத்த சலுகையே. தீர்ப்பைக் கொண்டாடும் நாம், அத்தாமதத்தையும் கேள்விக்குட்படுத்த வேண்டும்.