கூப்பிடு தூரம்

மலையடிவாரப் பங்கு ஒன்றில் நான் பணியாற்றிய காலத்தில், கிளைப்பங்கிற்கு வழி கேட்டால் எதிர்ப்படும் முதியவர் எவராயினும் "கூப்பிடு தூரந்தான் சாமி" என்பார். நடக்க இரண்டு மணி நேரம் பிடிக்கும். அன்று எனக்கு அது பொய்யாகவே தோன்றியது. கணிப்பொறி வரலாற்றில் அண்மையில் படித்த ஒரு செய்தி, அவர்கள் பக்கமும் நியாயம் இருந்ததை உணர்த்திற்று.

1956ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்னும் இளைஞர், தாம் மணக்கவிருந்த பெண்ணுடன் கடைவீதி சுற்றிக் களைத்து, காப்பி அருந்த அமர்ந்தார். இரண்டு ஊர்களுக்கிடையே மிகக் குறுகிய வழி எது என்னும் வினாவுக்கு, தாளும் எழுதுகோலுமின்றி இருபது நிமிடத்தில் விடை கண்டதாகப் பின்னாளில் அவரே நினைவுகூர்ந்தார். புறப்பட்ட இடத்திற்கு மிக அருகிலுள்ள ஊர், அதற்கடுத்தது என்று வட்டம் விரிந்துகொண்டே செல்லும் முறை அது. 1959இல் அச்சேறிய கட்டுரை மூன்றே பக்கம். முறை பிழையற்றது, ஆயினும் குருட்டுத்தனமானது. வடக்கே போக வேண்டியவன் தெற்கிலுள்ள ஊர்களையும் எண்ணிக்கொண்டிருப்பான்.

பின்னர் கலிபோர்னியாவில், ஸ்டான்போர்டு ஆய்வு நிறுவனத்தில் 'ஷேக்கி' என்னும் எந்திரன் உருவானது. பெட்டிகள் கிடக்கும் அறையில் அது தானே வழி காண வேண்டும். பீட்டர் ஹார்ட், நில்ஸ் நில்சன், பெர்ட்ரம் ராபேல் ஆகிய மூவரும் 1968இல் வெளியிட்ட தீர்வு 'ஏ ஸ்டார்' எனப்படுகிறது. இதுவரை கடந்த தூரத்துடன், இன்னும் எஞ்சியிருப்பதாக மதிப்பிடும் தூரத்தைக் கூட்டவேண்டும். கூட்டுத்தொகை எங்கே குறைவோ அங்கிருந்து தேடலைத் தொடரவேண்டும். இத்தகைய மதிப்பீட்டுக்கு மேலையோர் இட்ட பெயர், 'கண்டடைதல்' எனப் பொருள்படும் கிரேக்க வினையில் பிறந்தது. ஆர்க்கிமிடீஸ் கூவியதாகச் சொல்லப்படும் சொல்லும் அவ்வினையின் ஒரு வடிவமே. (குருமடத்தில் பயின்ற கிரேக்கம் இதற்காவது உதவிற்று!)

அவர்கள் விதித்த நிபந்தனைதான் என்னை நிறுத்தியது. மதிப்பீடு உண்மைத் தூரத்தை ஒருபோதும் மிஞ்சலாகாது. குறைத்துச் சொன்னால் தேடல் சற்று நீளும். சிறந்த வழி தப்பாது. மிகைப்படுத்திச் சொன்னாலோ, நல்ல வழியொன்றைத் தொலைவெனக் கருதித் தொடாமலே விட்டுவிட நேரலாம். ஆகவே பறவை பறக்கும் நேர்க்கோட்டுத் தூரமே பாதுகாப்பானது.

மலைநாட்டில் இதற்கும் சோதனை உண்டு. ஏற்றமும் பள்ளமும் மிகுந்தால் நேர்க்கோட்டு மதிப்பீடு உண்மைக்கு வெகு கீழே நின்றுவிடும். தேடல் பழைய வட்டத்தையே நெருங்கும். மதிப்பீடு சுழியமாயின் அது டைக்ஸ்ட்ராவின் முறையேதான். ஆதலால் விரைவு வேண்டுவோர் தெரிந்தே சற்று மிகைப்படுத்துவர். கிடைக்கும் வழி மிகச் சிறந்ததாக இராமற்போகலாம் என்பதையும் ஏற்றுக்கொள்வர்.

எம் முதியவர்களின் அளவும் பறவையின் அளவே. ஒருமுறை பள்ளத்தாக்கின் இப்புறம் நின்று கூப்பிட்டுப் பார்த்தேன். எதிர்மலையில் ஆடு மேய்த்த சிறுவன் குரல் கொடுத்தான். அவனிடம் போய்ச் சேர்வதற்குள் உச்சிவெயில் ஏறிவிட்டது.