எழுத்து அட்டையும் அந்திப்பொழுதும்: மரபுவழிப் பார்வையிழப்பை அளந்த வரலாறு

ஒருவருடைய கண் எவ்வளவு காண்கிறது என்பது ஒரு கேள்வி. காணாமையால் அவருடைய வாழ்வு எவ்வளவு மாறியிருக்கிறது என்பது வேறொரு கேள்வி. இவ்விரண்டையும் பிரித்தறிய மருத்துவத்துக்கு நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மரபுவழிப் பார்வையிழப்பு உடையோரைப் பொறுத்தவரை அப்பணி இன்னும் முடியவில்லை.

1862இல் உட்ரெக்ட் நகரில் ஹெர்மன் ஸ்னெல்லன் வெளியிட்ட எழுத்து அட்டை பார்வைக்கூர்மைக்குப் பொது அளவு ஒன்றைத் தந்தது. 6/6, 6/60 என்று இன்றும் எழுதப்படும் பின்னங்கள் அதன் வழிவந்தவை. ஆனால், வெளிச்சத்தில் நேரெதிரே உள்ள கரிய எழுத்தைப் படிப்பது பார்வையின் ஒரு கூறு மட்டுமே. ரெட்டினிடிஸ் பிக்மென்டோசா என்னும் மரபுவழி விழித்திரை நோயில் பெரும்பாலும் முதலில் மாலைக்கண் தோன்றும். பின்னர்ப் பார்வைப்புலம் ஓரங்களிலிருந்து சுருங்கும். நடுப்பார்வை பல ஆண்டுகள் எஞ்சியிருக்கலாம். அட்டையின் கடைசி வரியைப் படித்துவிடும் ஒருவர், இருட்டியபின் தம் தெருவிலேயே தடுமாறுவது இதனால்தான்.

இந்திய மொழிகள் இதை முன்பே கவனித்திருந்தன. தமிழில் மாலைக்கண், இந்தியில் ரதௌந்தி, தெலுங்கில் ரேசீகடி. மூன்று பெயர்களும் நோயைப் பொழுதால் சுட்டுகின்றன. எந்த நேரத்தில் வாழ்வு தடைப்படுகிறது என்பதே பேசுவோருக்கு முதன்மையாகப் பட்டிருக்கிறது.

சட்டமும் எழுத்து அட்டையோடு நின்றுவிடவில்லை. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், 20 பாகை அல்லது அதனினும் சுருங்கிய பார்வைப்புலத்தையும் பார்வையின்மையாக ஏற்றது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவ்வரம்பு 10 பாகைக்கும் குறைவு என்றாயிற்று. ஆயினும் பாகையும் கண்ணைத்தான் அளக்கிறது.

வாழ்பவரிடமே கேட்க வேண்டும் என்னும் எண்ணம் 1990களில் வலுப்பெற்றது. உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் தர வினாத்தாளைப் பல பண்பாடுகளில் ஒருசேர உருவாக்கியபோது, புதுடெல்லியும் சென்னையும் அதன் மையங்களாக இருந்தன. அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனத்தின் 25 வினாப் படிவம் 2001இல் வெளிவந்து உலகெங்கும் பரவியது. கார் ஓட்டுவது குறித்த வினாக்கள் அதில் உண்டு. ஒருபோதும் கார் ஓட்டியிராதவரிடம் அவ்வினாவை எத்துணைச் செம்மையாக மொழிபெயர்த்துக் கேட்டாலும் பயனில்லை.

இச்சிக்கலுக்கு இந்தியாவிலிருந்தே விடைகள் வந்தன. பார்வைக் குறைபாடுள்ள பள்ளிக் குழந்தைகளுக்கென ஐதராபாத்தின் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனம் உருவாக்கிய வினாத்தாள் 2003இல் வெளியானது. 2005இல் வெளியான இந்தியப் பார்வைச் செயல்பாட்டு வினாத்தாள் 33 வினாக்கள் கொண்டது. சாலையின் மேடுபள்ளம் தெரிகிறதா, திருமணம் போன்ற நிகழ்வுகளுக்குச் செல்ல இயல்கிறதா, பிறருக்குச் சுமையாகிவிட்டதாகத் தோன்றுகிறதா என்று அது கேட்டது. எனினும் அது கண்புரை, கண்ணழுத்த நோய், நீரிழிவு விழித்திரை நோய் ஆகியவை உடையோரைக் கொண்டு சோதிக்கப்பட்ட கருவி. பிறவியிலோ இளமையிலோ தொடங்கி வாழ்நாள் முழுதும் வளரும் இழப்பு அதன் மையப்பொருளன்று.

அந்த இழப்பை அளப்பது இன்று சிகிச்சையோடு நேரடியாகப் பிணைந்துள்ளது. ஆர்பிஇ65 மரபணுக் குறைபாட்டுக்கான லக்ஸ்டர்னா சிகிச்சைக்கு அமெரிக்கா 2017 டிசம்பரில் ஒப்புதல் அளித்தபோது, முதன்மைச் சான்றாக அமைந்தது எழுத்து அட்டை அன்று; வெவ்வேறு ஒளியளவுகளில் தடைகளைக் கடந்து நடக்கும் சோதனை. மிச்சிகனில் விழித்திரைச் சிதைவு நோயாளிகளுக்கென உருவான 59 வினாப் படிவம் 2021இல் வெளியானது. இரவுப்பார்வை, ஒளிக்கூச்சம், ஓரப்பார்வை ஆகியவற்றை அது தனித்தனியே அளக்கிறது.

அப்படிவத்தை இந்திய மொழிகளுக்குப் பெயர்ப்பது மட்டும் போதாது. ஒரு குடும்பத்தில் இந்நோய் இருப்பது தெரிந்தால், பார்வை நன்றாக உள்ள தங்கையின் திருமணப் பேச்சும் தடைபடக்கூடும். அந்த இழப்பு எவருடைய கணக்கில் சேரும்? கேட்கப்படாத வினாவுக்கு மதிப்பெண் இல்லை. மதிப்பெண் இல்லாத துயரம் ஆய்வின் முடிவுகளிலும் அரசின் திட்டங்களிலும் இடம்பெறுவதில்லை. நோயைப் பொழுதின் பெயரால் அழைத்த மக்களிடம் உட்கார்ந்து கேட்டு, அவர்களுடைய சொற்களிலிருந்தே அடுத்த வினாத்தாள் எழுதப்பட வேண்டும்.