ஆமை நடைக்கு கூப்பிடும் வெப்சைட்... பார்வையற்றவர்களால் படிக்க முடியுமா? தன்னார்வக் குழுக்கள் செய்ய வேண்டியது என்ன?

ஜனவரி பிறந்தாலே சென்னையில் ஆமை நடை சீசன்தான். நள்ளிரவில் நீலாங்கரை, பெசன்ட் நகர் மணலில் கிலோமீட்டர் கணக்கில் நடந்து, ஆலிவ் ரிட்லி ஆமைகள் இட்ட முட்டைகளை எடுத்து குஞ்சு பொரிப்பகத்தில் சேர்ப்பார்கள் தன்னார்வலர்கள். 1988 முதல் மாணவர்கள் அமைப்பாகச் சேர்ந்து செய்துவரும் வேலை இது.

2025 ஜனவரியில் சென்னை கடற்கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியது நினைவிருக்கலாம். அப்படி ஒன்றைப் பார்த்தால் யாருக்குச் சொல்வது? நடையில் எப்படி சேர்வது? இதையெல்லாம் நாம் தேடுவது மொபைலில்தான். பார்வையற்றவர்களும் அங்கேதான் தேடுறாங்க.

சிக்கல் எங்கே?

போஸ்டரில்! தேதி, நேரம், போன் நம்பர் எல்லாத்தையும் ஒரே படத்தில் டிசைன் பண்ணி வெப்சைட்டில் போட்டுவிடும் குழுக்கள் நிறைய. பார்வையற்றவர் மொபைலில் டாக்பேக் அல்லது வாய்ஸ்ஓவர், கம்ப்யூட்டரில் என்விடிஏ போன்ற திரை வாசிப்பான்கள் எழுத்தைக் குரலாக மாற்றும். படத்துக்குள் இருக்கும் எழுத்து அவற்றுக்குப் பெரும்பாலும் எழுத்தே கிடையாது. 'இமேஜ்' என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். அவசர நம்பர் அந்தப் படத்துக்குள்ளேயே மாட்டிக்கும்.

தீர்வு ரொம்ப சிம்பிள். போஸ்டர் இருக்கட்டும், அதே தகவலைக் கீழே டைப் பண்ணுங்க. போன் நம்பரை, தொட்டால் அழைப்பு போகும் லிங்க்காக வையுங்க.

படங்களுக்கு 'ஆல்ட் டெக்ஸ்ட்' என்ற விளக்க வரி தேவை. வேர்ட்பிரஸ்ஸில் படத்தைச் சேர்க்கும்போதே அதற்கான கட்டம் இருக்கும். அதில் 'ஆமை' என்று மட்டும் எழுதினால் யாருக்கு என்ன புரியும்? 'மணலில் குழி தோண்டி முட்டையிடும் ஆலிவ் ரிட்லி ஆமை' என்றால் காட்சி கிடைக்கும்.

தமிழுக்கு மட்டும் ஒரு தனி தலைவலி

பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் அடித்த அறிக்கையை அப்படியே ஏற்றினால், கண்ணுக்குத் தமிழ். திரை வாசிப்பானுக்கோ ஏதோ ஆங்கில எழுத்துக் குப்பை. யூனிகோடுக்கு மாற்றித்தான் போடணும். கூடவே வெப்சைட் செட்டிங்கில் மொழியைத் தமிழ் என்று குறிக்கணும். இல்லாவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்கப் பார்த்துத் திணறும்.

கலர், ஃபார்ம், கேப்சா

இயற்கை அமைப்பு என்றாலே வெளிர் பச்சை மேல் வெள்ளை எழுத்து! நல்லாத்தான் இருக்கும், ஆனா வெயிலில் நின்று பார்த்தால் யாருக்குமே தெரியாது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு இருக்க வேண்டும் என்கிறது சர்வதேச இணைய அணுகல் வழிகாட்டி. கலர் கோடைப் போட்டால் இதைக் கணக்கிட்டுச் சொல்லும் இலவச டூல்கள் இருக்கு.

பதிவு ஃபார்மில் ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் இருக்கணும். படத்தைப் பார்த்து எழுத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் கேப்சா இருந்தால், பார்வையற்றவருக்கு அங்கேயே கதவு மூடிடும்.

நடை பற்றிய விவரத்தையும் ஒளிக்காமல் சொல்லுங்க. எத்தனை கிலோமீட்டர், முழுக்க மணலா, வழியில் கழிவறை உண்டா, சக்கர நாற்காலியில் வருபவர் குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்க்க முடியுமா? இது தெரிந்தால்தான் வரலாமா வேண்டாமா என்று அவரே முடிவு பண்ண முடியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. டிஜிட்டல் அணுகல், அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் கூறியது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர்.

எப்படி செக் பண்ணுவது?

என்விடிஏ இலவசம். பல ஆண்ட்ராய்டு போன்களில் டாக்பேக் ஏற்கெனவே இருக்கும். அதை ஆன் செய்து, கண்ணை மூடிக்கொண்டு உங்கள் வெப்சைட்டில் போன் நம்பரைத் தேடிப் பாருங்க. அதன் பிறகு பார்வையற்ற ஒருவரிடம் கொடுத்தும் சோதியுங்க, நமக்குத் தெரியாத ஓட்டைகள் அவருக்குத்தான் தெரியும். ஒரு விஷயம்: டாக்பேக் ஆன் ஆனதும் ஒரு முறை தொட்டால் எதுவும் திறக்காது, இரண்டு முறை தட்டணும். எப்படி ஆஃப் செய்வது என்பதை முதலிலேயே பார்த்து வெச்சுக்கோங்க!