722: ஒரு கார், ஒரு கையெழுத்து

பழைய பந்தயக் கார்களின் மாடல்களில் (பொம்மைன்னு சொல்லிடாதீங்க, சேகரிக்கிறவங்க சண்டைக்கு வருவாங்க) அதிகம் கண்ணில் படுகிற கையெழுத்து ஸ்டெர்லிங் மாஸ் உடையது. பெரும்பாலும் வெள்ளி நிற மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர், சிவப்பு எழுத்தில் 722. 1:18 அளவில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட.

அந்த 722 வெறும் எண் இல்லை, புறப்பட்ட நேரம். 1955 மே 1, காலை 7:22. இத்தாலியின் பிரெஷியாவில் கிளம்பி, ரோம் வரை போய் மறுபடி பிரெஷியா. சுமார் 1,600 கி.மீ., எல்லாம் சாதாரண ஊர்ச் சாலைகள். மாஸ் எடுத்துக்கொண்டது 10 மணி 7 நிமிடம் 48 விநாடி. சராசரி வேகம் மணிக்கு 157 கி.மீ.க்கு மேல்! இரண்டாவதாக வந்த ஃபாஞ்சியோ அரை மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கிவிட்டார்.

பக்கத்து இருக்கையில் டெனிஸ் ஜென்கின்சன் என்ற தாடிக்காரப் பத்திரிகையாளர். வழியிலுள்ள வளைவு, மேடு எல்லாவற்றையும் முன்னமே பார்த்துக் குறித்து, ஐந்து மீட்டருக்கும் மேல் நீளமான காகிதச் சுருளாக ஒரு பெட்டிக்குள் வைத்திருந்தார். அதை உருட்டி உருட்டிப் படித்து கை ஜாடையில் சொல்லுவார். எஞ்சின் சத்தத்தில் பேச்சு எங்கே கேட்பது? மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று தெரியாமலேயே, அந்தக் கையை நம்பி மாஸ் முழு வேகத்தில் தாண்டினார்.

ஆறு வாரம் கழித்து, ஜூன் 11 அன்று லெமான்ஸில் இதே ரகக் கார் ஒன்று கூட்டத்துக்குள் பாய்ந்தது. ஓட்டிய லெவேயும் பார்வையாளர்கள் 80 பேருக்கு மேலும் செத்துப்போனார்கள். அந்த வருடக் கடைசியில் மெர்சிடிஸ் பந்தயத்தையே விட்டது. அந்தக் காரை யாரும் அலமாரியில் பெருமையாக வைப்பதாகத் தெரியவில்லை.

பெரியவர்களுக்கான நுணுக்கமான மாடல்கள் பெருகியது 1990களில்தான். இந்தக் காரை அழகாகச் செய்த ஜெர்மனியின் சிஎம்சி நிறுவனம் தொடங்கியதே 1995-ல். ஜிம் கிளார்க் 1968-லேயே ஹாக்கன்ஹைமில் இறந்தாச்சு, அவர் எதில் கையெழுத்துப் போட? மாஸ் 1962-ல் குட்வுட் விபத்தோடு பெரிய பந்தயங்களை விட்டாலும் 2020 வரை இருந்தார். ஐம்பத்தெட்டு வருடம்! அதனால்தான் இத்தனை கையெழுத்து, விலையும் அவ்வளவாக ஏறவில்லை.

என்னைக் கேட்டால் 722-க்கு இரண்டு கையெழுத்து வேண்டும். ஜென்கின்சன் 1996-லேயே போய்விட்டார்.